கழுத்தில் இன்னும் இறகு வரவில்லை

நவம்பர் 9, சனி

காலையில் குழந்தைவேல் போன் செய்தார். வீட்டில் இருக்கிறேனா என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு டாடா ஏஸ் வந்து வாசலில் நின்றது. பின்னால் நீல பிளாஸ்டிக் கூடை. உள்ளே ஆறு கோழிகள்.

"வான்மதி அம்மிணி ஆடி மாசமே சொல்லி வெச்சுதுங் சார். 'அண்ணா, ஷெட்டு கழிக்கறப்ப எனக்கு ஆறு கோழி எடுத்து வெய்யுங்க, நான் வளத்தறேன்'னு. நேத்து கறிக்குக் கொண்டுபோற லாரி வந்துருச்சுங். எல்லாத்தையும் ஏத்தியாச்சு. இந்த ஆற மட்டும் ஏத்த மனசு வரலைங்."

என் மனைவி ஆவணியில் இறந்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரியும். சாவுக்கு வந்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கூடையை இறக்கிவிட்டார்.

புது சைட் என்றால் புது டைரி. வேலைப் பழக்கம். எனவே விவரம்:

வெள்ளைக் கோழிகள். முட்டைப் பண்ணைக் கூண்டில் ஒன்றரை வருடம் இருந்தவை. கழுத்து, மார்பு, முதுகு எங்கும் இறகு இல்லை. தோல் சிவந்திருக்கிறது. இறக்கையில் ஈர்க்கு மட்டும் மிச்சம். கொண்டை வெளுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அலகின் நுனி வெட்டப்பட்டது. கிளறுவதற்கு மண் இல்லாததால் நகங்கள் வளர்ந்து சுருண்டிருக்கின்றன.

என் கம்பெனி கோழி ஷெட்டுகளுக்கு கன்ட்ரோலர் செய்கிறது. மின்விசிறி எப்போது சுற்ற வேண்டும், விளக்கு எப்போது எரிய வேண்டும் என்பதற்குப் புரோகிராம் எழுதிப் பொருத்துவது என் வேலை. குழந்தைவேல் மேனேஜராக இருக்கும் பண்ணையிலும் என் பெட்டிதான். ஒரு கோழி எத்தனை வாட் வெப்பம் வெளியிடும் என்று எனக்குத் தெரியும். கையில் ஒரு கோழியைத் தூக்கியது இன்றுதான்.

அவள் வேலைக்குப் பள்ளிக்கூட பஸ்ஸில் போகும்போது இந்த மாதிரிக் கோழிகளை ஏற்றிய லாரியைப் பார்த்துவிட்டு வந்து, "இதுக்கெல்லாம் குளிராதா?" என்று கேட்டாள். கோழியின் உடல் வெப்பம் நாற்பத்தொரு டிகிரி என்று சொன்னேன். தான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்றாள்.

நவம்பர் 10, ஞாயிறு

விடியும்போது ஒன்று செத்துக் கிடந்தது. முருங்கை மரத்தடியில் புதைத்தேன். மீதி ஐந்து.

அடையாளத்துக்குக் காலில் வயர் உறையை வளையமாக மாட்டினேன். மூன்று ஃபேஸ் வயர்களின் பெயரையே வைத்தேன்: சிவப்பு ஆர், மஞ்சள் ஒய், நீலம் பி, கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். நியூட்ரல்தான் மிக மோசம். வாலில்கூட ஒன்றும் இல்லை.

பதினோரு மணிக்கு அத்தை வந்தார். அவளுடைய அம்மா ருக்குமணி. பரமத்திக்குப் பக்கத்தில் தோட்டத்தில் தனியாக இருக்கிறார். மாமா போய்ப் பல வருடம் ஆகிறது. அவள் ஒரே பெண். காரியம் முடிந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தூக்குப்போசியில் குழம்போடு பஸ் ஏறி வந்துவிடுகிறார்.

கூடையை எட்டிப் பார்த்து வாயில் கை வைத்தார்.

"ஏனுங் மாப்ள, கறிக்கடைல பாதி உரிக்கறப்ப எந்திரிச்சு ஓடியாந்தாப்ல இருக்குது?"

அவள் கேட்டு வைத்தவை என்று சொன்னேன். அத்தை உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டார்.

"நியூட்ரலா? கோழிக்கு வெக்கற பேருங்களா அது? ஈபி ஆபீசுல கூப்புடறாப்ல இருக்குது."

அவற்றைத் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போகும்படி சொன்னேன். அங்கே இடம் இருக்கிறது. இங்கே என்னால் முடியாது. பொங்கல் கழிந்து நான் ஓமான் போக வேண்டும். மஸ்கட் பக்கத்தில் ஒரு பெரிய பண்ணை, இரண்டு வருட வேலை. "உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்றார் என் மேலதிகாரி ஹரிஹரன் சார். ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

அத்தை கோழிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கொண்டுட்டுப் போலாங். ஆனா எங்கூட்டு நாட்டுக்கோழிங்க இருக்குதுங்களே, வெறுந்தோலக் கண்டா கொத்தியே கொன்னுரும். மொதல்ல றெக்கை மொளைக்கட்டுங். மொளைச்சொடனே நானே வந்து எடுத்துக்கறேன்."

நியாயம். வேலை தெளிவாகிவிட்டது: இறகு முளைக்க வைக்க வேண்டும், ஒப்படைக்க வேண்டும், கிளம்ப வேண்டும்.

நவம்பர் 11, திங்கள்

பின்பக்க பைக் ஷெட்டில் கம்பிவலை அடித்தேன். தரையில் உமி. ஒரு மூலையில் தண்ணீர், ஒரு மூலையில் தீவனம். நடுவில் பல்பு. டைமரில் பதினாறு மணி நேர வெளிச்சம். எந்த முட்டை ஷெட்டிலும் முதலில் அடிப்பது அதுதான். கை தானாக அடித்தது.

கதவைத் திறந்து வைத்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. ஐந்தும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, கூண்டு எவ்வளவு அகலமோ அவ்வளவு இடத்தில் நிற்கின்றன.

நவம்பர் 13, புதன்

முட்டை நான்கு. யாரும் வெளியே வரவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

அத்தை கருவாட்டுத் தூள் கொண்டு வந்தார். இறகு வளரப் புரதம் வேண்டும் என்று நான் போனில் சொல்லியிருந்தேன்.

நியூட்ரலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அது நடுங்கியது.

"பனியில வெடவெடங்குது பாருங்க. பழைய நூல் சீலை எதாச்சும் இருந்தாக் குடுங்க மாப்ள, சுத்தி உடலாம்."

இல்லை என்றேன்.

"பீரோவுல கெடக்குமே."

இல்லை என்று மறுபடியும் சொன்னேன். என் பனியன் ஒன்றைக் கொடுத்தேன். கை நுழைக்கும் ஓட்டைகளில் இறக்கையை விட்டுப் பின்னால் முடிச்சுப் போட்டார். நியூட்ரல் இரண்டு அடி நடந்து குப்புற விழுந்தது. அத்தை சிரித்தார். சாவுக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் கேட்டேன்.

நவம்பர் 20, புதன்

எர்த் வெளியே வந்தது. வாசல் விளிம்பில் வெகுநேரம் நின்று, ஒரு காலை மண்ணில் வைத்துப் பார்த்து, திரும்ப எடுத்துக்கொண்டது. பிறகு இரண்டு காலும்.

மத்தியானம் அது வெயிலில் சாய்ந்து விழுந்து, கால்களை உதறி, இறக்கையை அடித்துக்கொண்டு துடித்தது. வலிப்பு என்று நினைத்தேன். வீடியோ எடுத்துக் குழந்தைவேலுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"சார், அது குளிக்குதுங்."

மண்ணில் குளிப்பதாம். இருபது ஷெட்டுக்கு மேல் கன்ட்ரோலர் பொருத்தி ஓட்டிக் காட்டியிருக்கிறேன், ஒரு கோழி குளித்துப் பார்த்ததில்லை. அவரும் சமீபத்தில் பார்த்ததில்லை என்றார்.

நவம்பர் 24, ஞாயிறு

தினமும் நான்கைந்து முட்டை. நான் சாப்பிடுவதில்லை. ஃப்ரிட்ஜ் கதவு நிறைந்து காய்கறித் தட்டுக்கும் வந்துவிட்டது. அத்தை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டார். உங்கள் வீட்டில் நாட்டுக்கோழி முட்டையே இருக்குமே என்றேன்.

"அதுகெல்லாம் அடையில உக்காந்திருக்குதுங்" என்றார்.

எல்லாமா என்று கேட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

போகும்போது ஹாலில் நின்று மேலே பார்த்தார். "பட்டப்பகல்ல எதுக்குங் டியூப் லைட்டு?"

அணைக்க மறந்துவிட்டேன் என்றேன். ஹாலில்தான் படுக்கிறேன், இங்கே காற்று நன்றாக வருகிறது என்றும் சொன்னேன். அத்தை மூடியிருந்த படுக்கை அறைக் கதவைப் பார்த்தார்.

"போன வாரமும் எரிஞ்சுதுங்" என்றார்.

நவம்பர் 30, சனி

மூன்று வாரம். வந்த அன்று எடுத்த போட்டோவையும் இன்று எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொண்டை சிவந்திருக்கிறது. எடை கூடியிருக்கிறது. நகம் தேய்ந்திருக்கிறது. இறகு இல்லை. ஒன்றுகூட இல்லை.

தீவனத்தில் புரதத்தை இன்னும் கூட்டினேன். தண்ணீரில் விட்டமின். சாப்பிடுகிற அத்தனையும் முட்டையாகவே வெளியே வருகிறது.

ஹரிஹரன் சார் விசா காகிதங்கள் கேட்டார். அனுப்பினேன். வார நாட்களிலும் ஞாயிறிலும் வேலை பார்க்கிறேன், ஒரு நாள் லீவு எடுக்கவில்லை, டீமில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றார். பாராட்டு என்றுதான் நினைக்கிறேன்.

டிசம்பர் 2, திங்கள்

நேற்றிலிருந்து நிற்காத மழை. அத்தை வரவில்லை. காலையில் முக்கிலிருக்கும் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. புதியது வந்து மாட்டுவதற்கு நாளாகும் என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போனார்.

பைக் ஷெட்டில் சாரல் அடித்து உமி முழுதும் ஈரம். பல்பு இல்லை, சூடு இல்லை. ஐந்தும் ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்று. அடியில் நியூட்ரல். எடுத்தபோது கால் ஐஸ் மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டது.

ஹாலில் கதவுக்கு அடியில் காற்று வருகிறது. சமையலறையில் ஒழுகுகிறது. காற்றுப் புகாத அறை ஒன்றுதான் இருக்கிறது.

கதவைத் திறந்தேன். மெத்தையைச் சுருட்டிக் கட்டில்மேல் போட்டேன். தரையில் விரிக்க உலர்ந்த துணி வேண்டியிருந்தது. பீரோவைத் திறந்தேன். மேலாக இருந்ததை எடுத்து விரித்தேன். நியூட்ரலை அதிலேயே சுற்றினேன்.

சாயந்திரம் கண்ணைத் திறந்தது.

டிசம்பர் 5, வியாழன்

கரண்ட் இல்லை. மழை. லேப்டாப் அணைந்துவிட்டது. வேலை இல்லை.

முட்டை இரண்டு.

ஜன்னல் வெளிச்சம் போனதும் ஐந்தும் அடைந்துவிடுகின்றன. கட்டில் சட்டத்தின்மேல் ஏறி உட்காரக் கற்றுக்கொண்டன, நியூட்ரல் தவிர. அது சேலைக்குள் தூங்குகிறது.

டிசம்பர் 7, சனி

கரண்ட் வந்தது. ஹால் விளக்கு தானாக எரிந்தது. முட்டை இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

காலையில் அறைக் கதவைத் திறந்தால் தரை முழுதும் வெள்ளையாக இறகு. இருந்த கொஞ்சநஞ்சமும் உதிர்கிறது. ஆரின் வால் போய்விட்டது. பியின் இறக்கையில் பாதி இல்லை. பேன் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இல்லை. காயம் இல்லை. மந்தமாக இருக்கின்றன, ஆனால் தின்கின்றன. நான்தான் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன். என்ன என்று தெரியவில்லை.

அத்தை வந்தார். கோழிகள் எங்கே என்று தேடிக்கொண்டே வந்து அறை வாசலில் நின்றுவிட்டார். உதிர்ந்த இறகைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது தரையில் கிடந்த சேலையை. மாம்பழக் கலர், பச்சைக் கரை. எச்சம் பட்டிருந்தது.

"தலை தீவாளிக்கு எடுத்ததுங் இது" என்றார். "நானும் அவளுமாப் போயி எடுத்தோம்."

"கிழிஞ்சிருந்துச்சுங்க அத்தை. அதான்."

அத்தை குனிந்து ஒரு முனையைக் கையில் எடுத்தார். கரையை முழுதும் விரலால் தடவிக்கொண்டே போனார்.

"எங்கீங் கிழிஞ்சிருக்குது?"

அவர் முனையைக் கீழே விட்டார். நியூட்ரல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"உடுங்க. இருந்திருந்தா அவளே விரிச்சிருப்பா."

பிறகு அவரும் தரையில் உட்கார்ந்தார். உதிர்ந்த இறகுகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டே, "கோழி செத்துருமாங் மாப்ள?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. ஐந்து கோழிக்கு இவ்வளவு பயப்படுவார் என்று நான் நினைக்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்.

பண்ணையில் வயதான கோழியை இன்னொரு சுற்று முட்டையிட வைக்க வேண்டுமென்றால் முதலில் முட்டையை நிறுத்துவார்கள். அதற்கு விளக்கு நேரத்தைக் குறைப்பார்கள். முட்டை நின்றால், அதற்குப் போய்க்கொண்டிருந்த சத்து உடம்புக்குத் திரும்பும். பழைய இறகு உதிரும். புதிய இறகு முளைக்கும். அந்தப் புரோகிராமை எழுதியதே நான்தான். மெனுவில் மூன்றாவது வரி.

ஒரு மாதமாக எவ்வளவு கருவாடு போட்டாலும் இறகு வராததற்குக் காரணம் பல்பு. விடிவதற்கு முன்னால் எரிந்து, இருட்டிய பிறகும் எரிந்து, அவற்றை நிறுத்தவிடாமல் வைத்திருந்தது. மெனுவை எழுதிய எனக்கே தோன்றவில்லை, டிரான்ஸ்பார்மர் வெடிக்க வேண்டியிருந்தது. கதவு திறந்த கூண்டு ஒன்றை நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

டைமரைக் கழற்றினேன். இனி விடிந்தால் வெளிச்சம், இருட்டினால் இருட்டு.

ஹால் டியூப் லைட்டையும் அணைத்தேன். கோழிகளின் அறைக்குக் கதவிடுக்கில் வெளிச்சம் போகிறது என்பதால்.

டிசம்பர் 10, செவ்வாய்

படுக்கை அறையில் படுத்தேன். கோழிகளைக் கவனிக்க வசதி. எழுந்தபோது மத்தியானம். ஹரிஹரன் சார் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். உடம்பு சரியில்லை என்று மெசேஜ் போட்டேன். ஒரு வாரம் லீவு கேட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

நடுவில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. முட்டை இல்லை, இறகு இல்லை, வேலை இல்லை. அறையில் இருந்தேன்.

அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்குப்போசியைக் கீழே வைத்தார்.

"கண்ணு ரெண்டும் இப்பிடி வீங்கிக் கெடக்குது?"

"கோழித் தூசுங்க அத்தை."

"எனக்குங்கூட அந்தத் தூசு ஆகறதில்லைங்" என்று முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போது அவர் வாசலில்தான் நின்றிருந்தார். கோழிகள் உள்ளே படுக்கை அறையில் இருந்தன.

சோறு போட்டார். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 19, வியாழன்

நியூட்ரலின் முதுகில் கை வைத்தேன். சொரசொரவென்று இருந்தது. வெளிச்சத்தில் பார்த்தேன். தோலுக்கு அடியிலிருந்து கறுநீலமாக முள் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது. முதுகு முழுதும் வரிசையாக.

குழந்தைவேலுக்குப் போட்டோ அனுப்பினேன். "குருத்து வந்துருச்சுங் சார்! தொட்டுராதீங்க, அதுக்குள்ள ரத்தம் ஓடும், வலிக்கும்" என்றார். தொடவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஐந்துக்கும் குருத்து. அத்தையிடம் தொடக் கூடாது என்று சொன்னேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"பலாப்பழத்துக்குக் காலு மொளைச்சாப்ல இருக்குதுங்" என்றார்.

இன்னும் நான்கு வாரத்தில் எடுத்துப் போகலாம் என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அவ்வளவு சீக்கிரமாவா?" என்று கேட்டார்.

டிசம்பர் 29, ஞாயிறு

குருத்தின் நுனி வெடித்து, உள்ளே சுருட்டி வைத்ததுபோல் இருந்த இறகு விரிகிறது. ஆரும் ஒய்யும் ஏறக்குறைய முழுக் கோழி. மழை விட்டுவிட்டதால் எல்லாம் மறுபடி பைக் ஷெட்டில். நான் அறையில்தான் படுக்கிறேன்.

அத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க மாட்டார்கள்.

"வாலு இன்னும் மொளைக்கலைங்களே மாப்ள. வாலில்லாத கோழின்னா எங்கூட்டுச் சேவல் மதிக்காது."

மதிப்புக்கு வால் தேவையா என்று கேட்டேன். கண்டிப்பாகத் தேவை என்றார்.

ஜனவரி 5, ஞாயிறு

வால் வந்துவிட்டது. காட்டினேன்.

"வாலு சரிங். வயித்துக்கடியில பாருங்க, இன்னும் தோலு தெரியுது."

ஜனவரி 12, ஞாயிறு

வயிற்றில் வந்துவிட்டது. இன்று கழுத்து.

"கழுத்துல பத்தாதுங் மாப்ள. மொதக் கொத்து கழுத்துலதான் விழும்."

நியூட்ரலைத் தவிர எல்லாவற்றுக்கும் கழுத்தில் இறகு இருக்கிறது என்று சொன்னேன். நியூட்ரலை மட்டும் விட்டுவிட்டு எப்படி எடுத்துப் போவது என்றார். ஒப்படைப்புத் தேதி மூன்று தடவை தள்ளிப்போயிருக்கிறது. எனக்கு டிக்கெட் இருபத்தைந்தாம் தேதி. சைட்டில் இப்படி ஒவ்வொரு தடவையும் புதுக் குறை சொல்லும் கஸ்டமரை எனக்குத் தெரியும். கடைசித் தவணை கொடுக்க மனமில்லாதவர்கள். அத்தைக்கு என்ன காரணம் என்று தெரியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

துக்க வீடு. பொங்கல் இல்லை. அக்கம்பக்கத்தில் குக்கர் விசில். கோழிகளுக்குக் கரும்புச் சக்கை போட்டேன். பி மட்டும் கொத்திப் பார்த்தது.

ஜனவரி 16, வியாழன்

அத்தையின் தோட்டத்துக்குப் போனேன். அவர் கரூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் இல்லாத நேரத்தில் கோழிக்கொட்டாயை அளந்து, வலையோ தாழ்ப்பாளோ வேண்டுமென்றால் மாட்டி வைத்துவிட்டு வரலாம் என்பது திட்டம். நியூட்ரலையும் கூடையில் எடுத்துப் போனேன். நாட்டுக்கோழிகளுக்கு வலைக்கு இந்தப் பக்கமிருந்து காட்டி, கொத்த வருகின்றனவா என்று சோதிக்க.

கொட்டாய் காலி. தரையில் எச்சம் இல்லை, இறகு இல்லை. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து காய்ந்து கிடந்தது. கோழி மூடும் பஞ்சாரம் சுவரில் ஆணியில் தொங்கியது. அதற்குள் குளவி கூடு கட்டியிருந்தது.

பக்கத்துத் தோட்டத்து அம்மா வரப்பில் நின்று யார் என்று கேட்டார். மருமகன் என்றேன்.

"ஓ! கோழிக்கு றெக்கை மொளைக்க வெக்கறவருங்களா? அக்கா சொல்லிட்டே இருக்குமுங். வாரா வாரம் முட்டை கொண்டாந்து 'எம்மருமவன் வளத்தற கோழி'ன்னு ஊட்டுக்கு ஊடு குடுத்துது. இப்பத்தான் கொஞ்ச நாளாக் காணோம்."

இங்கே இருந்த நாட்டுக்கோழிகள் எங்கே என்று கேட்டேன்.

"அதையெல்லாம் எப்பவோ வித்துருச்சுங்களே. புள்ள செத்துப்போன மாசமே. ஒரு குஞ்சுகூட வெச்சுக்கலைங். இந்த ஊட்டுல எதையும் பாக்கப் புடிக்கலைன்னு சொல்லுச்சு. ஞாயித்துக்கெழம ஒண்ணுதான் விடியறதுக்கு முந்தியே எந்திரிச்சு கொழம்பு வெக்கும்."

நியூட்ரல் கூடைக்குள்ளிருந்து தலையை நீட்டிக் காலிக் கொட்டாயைப் பார்த்தது. சோதனை செய்ய ஒன்றும் இல்லை. நான் வந்ததைச் சொல்ல வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது பைக்கை ஓரிடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. தூசு.

ஜனவரி 17, வெள்ளி

ஹரிஹரன் சாரைக் கூப்பிட்டேன். ஓமானுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன். கத்தினார். காரணம் கேட்டார்.

வான்மதி ஆறு கோழி கேட்டிருந்தாள், ஐந்து இருக்கிறது, இன்னும் முழுதாக இறகு வரவில்லை என்றேன். பிறகு, "சரிப்பா" என்றார். "நாமக்கல்லையே பாரு."

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் ஷெட்டுக்குள் உமியில் ஒரு முட்டை. விளக்கு இல்லாமல், தானாக. யாருடையது என்று தெரியவில்லை. நியூட்ரல் அதன் பக்கத்தில் நின்று எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தது. அவித்துச் சாப்பிட்டேன்.

பதினோரு மணிக்கு அத்தை வந்தார். கை காலைக் கழுவிவிட்டு நேராகப் பின்பக்கம் போனார். நியூட்ரலைத் தூக்கினார். நல்ல கனம் இப்போது. வெள்ளை வெளேரென்று, மப்ளர் சுற்றியதுபோலக் கழுத்து நிறைய இறகு. அத்தை வாலை விரித்துப் பார்த்தார். இறக்கையைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். கழுத்தில் எதிர்ப்பக்கமாக விரலைவிட்டுத் தேடினார். விரல் மறைந்துவிட்டது. தேடுவதற்கு வேறு இடம் இல்லை. கை அப்படியே நின்றது.

"எல்லாம் வந்துருச்சு போலங்க மாப்ள" என்றார், கோழியிடம் சொல்வதுபோல.

"எங்கீங்க அத்தை வந்துச்சு? கழுத்தப் பாருங்க. இன்னும் வரலைங்களே."

அவர் கழுத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்ச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்" என்றார் மெதுவாக. "கழுத்துல இன்னும் பத்தாதுங்."

"நாளாகும் போலிருக்குதுங்க."

"ஆகட்டுங். அவசரப்பட்டா றெக்கை வருமா?"

"ஓமானுக்கு வேற ஆள் போறாருங்க."

அவர் நியூட்ரலைக் கீழே விடவில்லை. மத்தியானச் சாப்பாடு ஆனது. தலை தீபாவளிச் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டார். கறை முழுதாகப் போகவில்லை. நான் பைக் ஷெட்டின் கம்பிவலையை இன்னும் கொஞ்சம் தள்ளி அடித்தேன். ஐந்துக்கு அந்த இடம் போதாது.

சாயந்திரம் பஸ்ஸுக்குக் கிளம்பி கேட்டைத் திறந்தபோது சொன்னேன்.

"அடுத்த வாரம் வர்றப்ப அந்தப் பஞ்சாரத்த எடுத்துட்டு வாங்க அத்தை. செவுத்துல சும்மாதான தொங்குது."

கேட்டைப் பிடித்த கை நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டில் ஒரு லாரி போய் முடியும்வரை அப்படியே நின்றிருந்தார்.

"குளவியத் தட்டி உட்டுட்டுக் கொண்டாறேனுங் மாப்ள" என்றார்.